கிழக்கு கேலரியின் மைக்

பேருந்துப் பணிமனையில் கிழிந்த இருக்கைகளைத் தைத்துக்கொண்டிருந்தவரை ஊரே மைக் என்றுதான் கூப்பிட்டது. பணிமனையில் பார்த்தால் அந்தப் பெயர் கொஞ்சமும் பொருந்தாது. காலையில் வந்து ரெக்சின் சுருளை விரித்து, வளைந்த ஊசியோடு குனிந்தாரென்றால் சாப்பாட்டு நேரம் வரை தலை நிமிராது. வீட்டிலும் அப்படித்தான். இவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் தனக்கு ஒரு வயது கூடிவிடுகிறது என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் சனிக்கிழமை மாலை, கால்பந்து மைதானத்தின் கிழக்கு கேலரியில் அவர் எழுந்து ஒரு குரல் கொடுத்தால் எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பாட்டை அவர்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும். அவர் எடுத்துக்கொடுத்ததை ஆயிரக்கணக்கான பேர் யோசிக்காமல் வாங்கிப் பாடுவார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அது அவருடைய இடம். வேறு எங்கும் அவருக்கு அப்படியோர் இடம் கிடையாது.

அந்த வருடம் அணி அட்டவணையின் அடியில் கிடந்தது. புதிதாக வந்த பயிற்சியாளர், பந்தைத் தூக்கி அடிக்கக் கூடாது, கோல்கீப்பரில் தொடங்கிச் சின்னச் சின்ன பாஸாக மேலே கொண்டுபோக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். பந்து பின்பக்கம் திரும்பினாலே கேலரி ஊளையிடும். வயதாகிக்கொண்டிருந்த கோல்கீப்பருக்குக் 'கதவு' என்று பெயர் வைத்திருந்தார்கள். எப்போதும் திறந்தே இருக்கிறதாம்.

பணிமனை வாசலில் இருந்த டீக்கடையில் தினமும் இதே வாதம்தான். மைக்கின் மைத்துனர், மனைவியின் தம்பி, பக்கத்துத் தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். ஊளையிடுவதில் அவர் முன்வரிசைக்காரர். முன்னால் ஒரு நெட்டையனை நிற்க வைத்துக்கொண்டு, பின்னால் நாலு பேர் பந்தை மாற்றி மாற்றிக் கொஞ்சிக்கொண்டிருந்தால் எப்படி உருப்படும் என்பது அவர் கட்சி. கோல் போஸ்ட் எதிர்ப்பக்கம் இருக்கிறது என்று யாராவது போய்ச் சொல்லுங்கள் என்பார். கடை முழுக்கச் சிரிக்கும்.

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மைக் வாய் திறப்பார். அணி வெளியூரில் ஜெயிக்கிறது, சொந்த மைதானத்தில் தோற்கிறது. அதே ஆட்டம், அதே ஆட்கள். அப்படியானால் கோளாறு ஆட்டத்தில் இல்லை, பார்க்கிறவர்களிடம்தான் என்பார். வெளியூரில் எதிரணி ஏறி வருவதால் இடம் கிடைக்கிறது, இங்கே வந்தால் அவர்கள் எல்லோரும் பின்னால் போய் அடைத்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள் என்று மைத்துனர் மடக்குவார். இரண்டுமே நியாயமாகத்தான் இருந்தன. அதனால் வாதம் முடியவே இல்லை.

தோற்ற மறுவாரம் மைக்குக்கு வேலை அதிகம். மைதானத்திலிருந்து திரும்பிய பேருந்துகளில் ஆத்திரத்தில் கிழித்த இருக்கைகள் வரிசையாக வந்து நிற்கும். பிதுங்கிய பஞ்சை உள்ளே தள்ளித் தைத்துக்கொண்டே, இந்தக் கை எல்லாம் நம் கேலரிக் கைதானே என்று நினைத்துக்கொள்வார். அந்த வருடம் அவர் தூக்கத்தில் பல்லைக் கடிக்க ஆரம்பித்ததாக மனைவி தம்பியிடம் சொன்னார்.

கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில். ஜெயித்தால் தப்பலாம். இல்லையென்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். அந்த வாரம் முழுக்க மைக் ஆளே மாறிப்போனார். நடத்துநர்களின் ஓய்வறைக்குப் போனார், முடிவெட்டும் கடைக்குப் போனார், மைதான வாசலில் டிக்கெட்டுக்கு நின்ற வரிசையில் ஒவ்வொருவராகப் பிடித்தார். பேசத் தெரியாத மனிதர், சட்டை நனைய வியர்த்துக்கொண்டு ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"ஒரே ஒரு ஆட்டம். பந்து பின்னால போனா கத்தாதீங்க. பிடிக்கலைன்னா சும்மாவாவது இருங்க."

சிலர் கேலி செய்தார்கள். மைக்கே வால்யூமைக் குறைக்கச் சொல்கிறது பார் என்றார்கள். ஆனால் இவர் இப்படிக் கெஞ்சி யாரும் பார்த்ததில்லை. பலர் சரி என்றார்கள். கடைசியாக மசிந்தவர் மைத்துனர்தான்.

"உங்களுக்காக வாயைத் தைச்சுக்கறேன் மாமா. ஆனா இது ஆட்டமே இல்ல, சொல்லிட்டேன்."

ஆட்டம் தொடங்கியது. முதல் தடவை பந்து பின்னால் போனபோது கேலரி மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஊளை வரவில்லை. மைக் பாட்டை எடுத்தார், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஆட்டக்காரர்களின் கால்களில் இறுக்கம் மெல்லத் தளர்வதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. இடைவேளைக்குச் சற்று முன்பு, கதவின் காலில் தொடங்கிய பந்து தரையை விட்டு எழும்பாமலே எதிரணியின் வலைக்குள் போய்ச் சேர்ந்தது. வருடம் முழுக்கப் பயிற்சியாளர் சொன்ன அதே கோல். மைக் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மைத்துனர் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

இரண்டாம் பாதியில் எதிரணி ஒன்றைத் திருப்பியது. இன்னொரு கோல் கட்டாயம் வேண்டும். நேரம் கரைந்துகொண்டிருந்தது. அப்போது பந்து மறுபடி பின்னால், கதவின் காலுக்கு வந்தது. எதிரணிக்காரன் ஒருவன் அவரை நோக்கி ஓடிவந்தான். கதவு பதறவில்லை. அவனை இன்னும் கொஞ்சம் கிட்டே வரவிட்டு, ஓரமாகத் தனியே நின்ற ஆளுக்குத் தட்டிவிடலாம் என்று காத்திருந்தார். ஆட்டம் தெரிந்த எவருக்கும் அது புரியும். மைக்குக்கும் புரிந்தது. ஆனால் அவர் வயிற்றிலிருந்து எதுவோ கிளம்பி, நெஞ்சைத் தாண்டி, அவரைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டது.

"அடிச்சுத் தொலைடா!"

அவர் எடுத்துக்கொடுத்ததை வாங்கிப் பழகிய கேலரி அல்லவா? அரை நொடியில் மொத்தக் கிழக்குப் பக்கமும் அதையே கத்தியது. கதவு ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவசரமாகக் காலை வீசினார். பந்து சரியாகப் படவில்லை. ஓடிவந்தவனின் காலுக்கு நேராகப் போனது. அவன் அதை வலைக்குள் தள்ள வேண்டியது மட்டும்தான் பாக்கி.

அந்த இடத்தில் வாயைத் திறக்காமல் இருந்தவர் மைத்துனர் ஒருவர்தான்.

அடுத்த வாரம் மைக் டீக்கடைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. அங்கே இருந்த எல்லோருக்கும் அன்றைக்கு முதலில் எழுந்தது யார் குரல் என்று தெரியும். நடத்துநர் ஒருவர் எழுந்து அவருக்கு உட்கார இடம் கொடுத்தார். அதைவிட அவர்கள் திட்டியிருக்கலாம்.

மைத்துனர்தான் மெதுவாக ஆரம்பித்தார். "நீங்க கத்தலைன்னாலும் அந்த ஆட்டம் போயிருக்கும் மாமா. நான்தான் வருஷம் பூரா சொன்னேனே, கோளாறு ஆட்டத்துல."

மைக் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் வருஷம் பூரா பேசினது தப்புன்னு ஆகணும். நான் பேசினது சரின்னா, அணியைக் கவுத்தது நான்தான். இதுல எதைச் சொல்லி என்னைத் தேத்தப் பாக்குற மாப்ளே?"

மைத்துனர் ஆறிப்போன டீயைக் கீழே ஊற்றிவிட்டு, இரண்டு பேருக்கும் காசு கொடுத்தார்.

மனசு கேட்காமல் மைக் ஒரு மதியம் விடுப்பு எடுத்துக்கொண்டு அணி பயிற்சி செய்யும் இடத்துக்குப் போனார். மன்னிப்புக் கேட்டுவிட்டால் போதும் என்று நினைத்தார். வெகுநேரம் கழித்துக் கதவு ஒரு பையோடு தனியாக வெளியே வந்தார். கிட்டத்தில் பார்க்கும்போது காதோரம் நன்றாக நரைத்திருந்தது. மைக் முன்னால் போய் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்தச் செருமலிலேயே கதவு ஆளைக் கண்டுகொண்டார்.

"கிழக்கு கேலரிதானே நீங்க?"

மைக் தலையாட்டினார். தப்பு நடந்துவிட்டது என்று மட்டும் சொல்ல முடிந்தது.

கதவு கோபப்படவில்லை. பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். "கூச்சல் எனக்குப் பழக்கம்ங்க. வேற யாராவது கத்தியிருந்தா கண்டுக்கிட்டிருக்க மாட்டேன். அது உங்க குரல். நீங்களே அடின்னு சொன்னா, நான் பாக்காத எதையோ பாத்துட்டுத்தான் சொல்றீங்கன்னு நினைச்சுட்டேன்."

அவ்வளவுதான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து போனார். மைக் அங்கேயே, வாசல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். திட்டு வாங்கத் தயாராகப் போனவருக்கு இது தாங்கவில்லை. அத்தனை வருடமும் அங்கே ஒருவர் தன் குரலை நம்பி நின்றுகொண்டிருந்தார் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. பயிற்சியாளரை அனுப்பிவிட்டார்கள். கதவுக்கு மறு ஒப்பந்தம் இல்லை. வேறு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அடுத்து வந்த பயிற்சியாளர் பந்தைத் தூக்கி அடிக்கச் சொன்னார். அப்படியும் அணி தோற்றது, சில சமயம் ஜெயித்தது. டீக்கடையில் மைத்துனர் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

மைக் சனிக்கிழமை தவறாமல் கேலரிக்குப் போனார். அடுத்த வருடத்தின் முதல் ஆட்டத்தில் எல்லோரும் அவர் எழுந்திருப்பார் என்று பார்த்தார்கள். அவர் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரோ ஒருவர் பாட்டை எடுத்தார். சுருதி சேராமல் பாதியிலேயே நின்றது. பிறகு அதையும் யாரும் முயலவில்லை.

ஒரு சனிக்கிழமை அவர் செருப்பை மாட்டும்போது மனைவி பொறுக்கமுடியாமல் கேட்டார். "வாயே திறக்கறதில்லையாம், தம்பி சொன்னான். அப்புறம் எதுக்குங்க போறீங்க?"

"போகாம இருக்க முடியலையே" என்றார் மைக்.