மடித்துவிட்ட சட்டைக் கை

சேலத்துக்கு மேலே மலையில், கொட்டச்சேட்டுக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் ரைட்டர். காலையில் ஆள் பெயர் கூப்பிடுவது முதல் சாயந்திரம் பழம் எடை போடுவது வரை என் தலையில்தான். மிச்ச நேரத்தில் பிளாஸ்டிக் பொம்மை செய்கிறேன். பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மாடல் என்றுதான் நான் சொல்வேன். என் மனைவி வேண்டுமென்றே பொம்மை என்பாள். நாற்பத்தாறு வயதில் ஒரு மனுசன் விரல் நீளச் சிப்பாய்க்குக் கண் வரைந்துகொண்டிருந்தால் வேறு என்னவென்று சொல்வது என்று கேட்பாள். நியாயம்தான். ஆனாலும் கோபம் வரும்.

டப்பாவைத் திறந்தால் கை, கால், உடம்பு, தலை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் தனித்தனியாகத் தொங்கும். வெட்டி எடுத்து, உரசி, ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டும். எங்கள் மலை மூட்டத்தில் பெயின்ட் லேசில் காயாது. பழைய அரிசி டப்பாவுக்குள் குண்டு பல்பு மாட்டி, அதற்குள் வைத்துக் காயவைப்பேன். அவசரப்பட்டு மூட்டமான நாளில் வார்னிஷ் அடித்தால் உருவம் மொத்தமும் வெள்ளையாகப் பூத்துப்போகும். நான்கைந்து சிப்பாய்களைப் பாழாக்கிய பிறகுதான் எனக்குக் கை படிந்தது.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். போன பழ சீசனில் அங்கே ஒரு போட்டி வைத்தார்கள். அவரவர் ஊர் ஆள் ஒருவரைச் செய்து படம் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அதிக லைக் வாங்குகிற படத்துக்குப் பரிசு. காப்பிப் பழம் பறிக்கிற பெண்ணை எந்தக் கம்பெனியும் டப்பாவில் போட்டு விற்பதில்லை. என்னிடம் குண்டு வீசுகிற சிப்பாய் ஒருவன் இருந்தான். வலது கையைத் தலைக்கு மேல் தூக்கியிருப்பான். குண்டை அறுத்துவிட்டுக் கிளையைக் கொடுத்தால் பழம் பறிக்கிற ஆள்தான். இரும்புத் தொப்பியை உரசி எடுத்தேன். மாவு போலப் பிசைகிற புட்டியால் சேலை மடிப்பு வைத்து, மேலே ஆம்பளைச் சட்டையைப் போட்டு, இடுப்பில் சாக்கைக் கட்டினேன். தலைத்துண்டுக்கு மட்டும் மூன்று நாள் ஆனது.

யாரைப் பார்த்துச் செய்வது என்று நான் யோசிக்கவே இல்லை. செம்மநத்தத்திலிருந்து வேலைக்கு வருகிற ஒரு அக்கா இருக்கிறார். எங்கள் எஸ்டேட்டில் பறிப்பில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சின்ன வயதில் வேறு ஏதோ எஸ்டேட்டில் பழம் உரிக்கிற மிஷினில் மாட்டி, வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சாக்கைத் தூக்கித் தராசுக் கொக்கியில் மாட்டும்போது சட்டைக் கை ஒரு நொடி நழுவும். எனக்கு அந்த ஒரு நொடி போதும், கண் அப்படிப் பழகிவிட்டது. ஒரே இடைஞ்சல், அவர் சட்டைக் கையை எப்போதும் விரல் நுனி வரை இறக்கிவிட்டிருப்பார். அப்படியே செய்தால் விரல் தெரியாது. குளிருக்காக விட்டிருக்கிறார் என்று முடிவு செய்துகொண்டு, மாடலில் அதை முழங்கை வரை மடித்துவிட்டேன். அப்புறம் சவரப் பிளேடால் இரண்டு விரலை அறுத்தேன். அறுத்த இடத்தில் தோல் சுருங்கியது போலத் தெரிய மூன்று தடவை தீட்டினேன். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

புதன்கிழமை காலை படத்தைப் போட்டேன். மதியத்துக்குள் பாராட்டு குவிந்தது. எல்லோரும் அந்தக் கையைத்தான் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயந்திரம் எடைக் கொட்டகையில் பெண்கள் கூடியிருந்தபோது நானே போனை நீட்டினேன். அந்த அக்கா பூரித்துப்போவார் என்று மனதார நம்பினேன். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். சேலை நிறத்தைக்கூட விடவில்லையே என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். திரை முழுக்கக் கை வந்து நின்றது. சிரிப்பு அடங்கிவிட்டது. அவள் நிமிர்ந்து, இது எப்போதக்கா ஆச்சு என்று கேட்டாள். பத்து வருசமாகப் பக்கத்து வரிசையில் பறிக்கிறவள். அவளுக்கே தெரிந்திருக்கவில்லை.

அந்த அக்கா இடது கையால் போனை வாங்கிப் பார்த்தார். வலது கை சட்டைக்குள் இன்னும் உள்ளே போனது. குளிருக்காக இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மற்றவர்கள் கிளம்பும் வரை நின்றிருந்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க ரைட்டரே, எங்க ஊட்டு ஆளுகளைத் தவிர இந்தக் கைய நான் ஒருத்தருக்கும் காட்டுனதில்லைங்க. நீங்க சட்டையை மடிச்சு உட்டுட்டீங்க. இன்னைக்கே அதை எடுத்துருங்க."

எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். வீட்டுக்குப் போனேன். எடுக்கவில்லை. நான் முதலிடத்தில் இருந்தேன், யாரோ செய்த வலை பின்னுகிற மீனவர் எனக்குக் கிட்டத்தில் வந்துகொண்டிருந்தார். ஞாயிறு வரைக்கும்தானே, அந்த அக்காவிடம் பட்டன் போன்தான் இருக்கிறது, அவருக்கு எப்படித் தெரியப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் சொல்லி விஷயம் தெரிந்திருந்த மனைவி வெள்ளிக்கிழமை கேட்டாள், எடுத்தாச்சா என்று. அவளிடம் எரிந்து விழுந்தேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போனைத் திறந்து, அந்தக் கைக்கு எத்தனை பேர் உருகியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஞாயிறு சாயந்திரம் முடிவு வந்தது. பரிசு எனக்குத்தான். வாழ்த்துச் சொன்னவர்களுக்கெல்லாம் நன்றி போட்டு முடித்துவிட்டுப் படத்தை எடுத்தேன்.

திங்கள் காலை பெயர் கூப்பிட்டு முடித்ததும் அந்த அக்காவை ஓரமாக அழைத்து, படத்தை எடுத்துவிட்டதாகச் சொன்னேன்.

"எப்பங்க எடுத்தீங்க?"

"அன்னைக்கேங்கக்கா."

அவர் தரையைப் பார்த்தார். பொய் சொன்னது நான், தலை குனிந்தது அவர்.

"சேலத்துல படிக்கற எம்பொண்ணு தேடி எடுத்துட்டா, அவ போன்ல அந்தப் படம் நேத்து வரைக்கும் இருந்துச்சுங்க. தெனமும் கூப்பிட்டு, போயிருச்சா கண்ணுன்னு கேட்டுட்டே இருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிப் பேசித் தப்பித்திருப்பேன். என் சுபாவம் அது. அவர் குரலை உயர்த்தவே இல்லை. நான் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. அவர் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு நாலடி நடந்தவர், நின்று திரும்பினார்.

"பரிசாச்சும் கெடைச்சுதுங்களா?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கிடைத்தது என்றேன்.

"அப்பச் சரிங்க" என்று சொல்லிவிட்டுப் பழம் பறிக்கப் போனார்.