சித்தப்பாவின் கை அளவு

வெயிலில் காய்ந்த சைக்கிளின் தோல் சீட்டுக்கு ஒரு வாசனை உண்டு. விளக்கெண்ணெயும் பழைய செருப்பும் கலந்தாற்போல. இன்றும் அது மூக்கில் பட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எனக்குப் பத்து வயதான கோடையில், அதியமான்கோட்டையில் எங்கள் மாட்டுக் கொட்டகையில், அந்த வாசனையோடு ஒரு சைக்கிள் நின்றது. ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார அம்மாளிடமிருந்து கைமாறி வந்த பெண்கள் வண்டி. முன்னால் குறுக்குக் கம்பி கிடையாது, புடவையோடு ஏறலாம். ஊரில் அதற்கு "தொரசானி வண்டி" என்று பெயர்.

வண்டி வந்தது என் அக்காவுக்காக. சேலத்தில் ஆசிரியைப் பயிற்சி முடித்திருந்த அவளுக்குத் தருமபுரியில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. வீட்டிலிருந்து ஐந்து மைல். பட்டணத்தில் தனியாகத் தங்க விடமாட்டார்கள். தினமும் மாட்டு வண்டி கட்ட ஆள் இல்லை. பஸ் அதன் இஷ்டத்துக்கு வரும். ஆகவே அப்பா ஒரு கெடு வைத்தார். பள்ளி திறப்பதற்குள் சைக்கிளில் போய்வரப் பழகிவிட்டால் வேலை. இல்லாவிட்டால் ஏரியூரிலிருந்து கேட்டு வந்திருந்த மாப்பிள்ளை. அக்கா மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டாள்.

வண்டியை அவளுக்குப் பொருத்தித் தரச் சித்தப்பா எங்களையும் கூட்டிக்கொண்டு தருமபுரிச் சைக்கிள் கடைக்கு எடுத்துப் போனார். அப்பாவின் தம்பியான அவர் எங்கள் வீட்டிலேயே உயரமானவர். கடையில் ஆண்கள் நிறைந்திருந்ததால் அக்காவை இருபதடி தள்ளிப் புளியமரத்தடியில் நிற்கச் சொல்லிவிட்டார். சின்னப் பெண்ணான எனக்குக் கடைவாசல்வரை அனுமதி இருந்தது. அதனால்தான் இதை எழுத முடிகிறது.

சீட்டின் உயரத்துக்குக் கடைக்காரர் வைத்திருந்த முறை எளியது. ஓட்டப்போகிறவர் விரல்நுனியை மிதி சுழலும் அச்சில் வைத்துக் கையை நேராக நீட்டினால் சீட்டு அக்குளைத் தொட வேண்டும்.

"அந்தப் புள்ளய வந்து கைய நீட்டச் சொல்லுங்க. அளவு பாக்கணும்" என்றார் அவர்.

"வயசுப்புள்ள கைய நீட்டச் சொல்லி அளவெடுப்பியா நீ? எங்கையில பாத்துக்க. ஒரே வூட்டு ரத்தம்தான்."

"நீங்க ஆறடிங்க."

"ரத்தத்துல ஏதுய்யா அடிக்கணக்கு?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் ரவிக்கை தைக்கக்கூடப் பெண்கள் கடைக்குப் போவதில்லை. "அளவு ரவிக்கை" ஒன்றைக் கொடுத்தனுப்பினால் போதும், தையல்காரர் ஆளைப் பார்க்காமலே ஆளுக்குச் சரியாகத் தைத்துவிடுவார். சைக்கிளுக்கு அப்படிக் கொடுத்தனுப்ப ஒன்றும் கிடையாது என்பது அங்கே யாருக்கும் உறைக்கவில்லை.

அடுத்தது ஹேண்டில்பார். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அது சீட்டைவிட ஒரு விரல் உயரமாக இருந்தால் கையில் பாரம் விழாது என்று கடைக்காரர் சொன்னார். அதற்குச் சித்தப்பா சொன்னது எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது.

"பொம்பளப்புள்ள நெஞ்ச நிமித்திக்கிட்டு ரோட்டுல போனா நல்லாவா இருக்கும்? தல குனிஞ்சு போற மாதிரி எறக்கி வையி."

கடைக்காரர் ஒருமுறை அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு நடு போல்ட்டைத் தளர்த்தி, மேலே மரத்துண்டு வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். ஹேண்டில்பார் அடிவரை இறங்கிற்று. சீட்டு ஆறடி ஆணுக்கு, ஹேண்டில்பார் ஊர் மானத்துக்கு. ஐந்தடிகூட இல்லாத அக்கா புளியமரத்தடியிலேயே நின்றாள்.

வற்றிக் கிடந்த ஏரியில் தினமும் விடியலில் பழகினோம். நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவேன். மிதி கீழே போகும்போதெல்லாம் அவள் பாதம் அதைவிட்டு நழுவும். எட்டிப் பிடிக்க இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடும். உடம்பின் பாரமெல்லாம் உள்ளங்கையில் இறங்கி, கால் மணி நேரத்தில் விரல்கள் மரத்துப் போகும். பாதையைப் பார்க்கத் தலையைத் தூக்கித் தூக்கிப் பிடரி வலிக்கும். இவை நான்கும் சீட்டையும் ஹேண்டில்பாரையும் மாற்றினால் தீரக்கூடியவை. ஏரிக்கரையில் ஆடு மேய்த்தவர்கள் அவற்றை அக்காவின் கோளாறாகவே பார்த்தார்கள். "டீச்சரம்மா வண்டிய ஓட்டல, வண்டிதான் டீச்சரம்மாவ ஓட்டுது" என்று ஒருத்தி சொன்னது ஊரெல்லாம் சுற்றி வந்தது.

சீட்டை இறக்கித் தரும்படி அக்கா இரண்டு முறை கேட்டாள். ஆளுதான் வண்டிக்குப் பழகணும் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். உங்கள் கை நீளம் என்று நான் சாப்பாட்டு வேளையில் சொன்னதற்குத் தலையில் குட்டு விழுந்தது. வீட்டில் ஸ்பேனர் இல்லை. மாட்டு வண்டிப் பெட்டியிலிருந்த குறடால் நானே அந்த நட்டைத் திருகப் பார்த்தேன். நட்டின் முனைகள் மழுங்கியதுதான் மிச்சம். அதற்கு அடி வாங்கினேன்.

பள்ளி திறக்க ஆறு நாள் இருக்கும்போது, அப்பா பார்க்கட்டும் என்று அக்கா சாலையில் ஓட்டினாள். எதிரே கடத்தூர் நிலக்கடலை மூட்டைகளோடு ஒரு மாட்டு வண்டி வந்தது. குனிந்த தலையோடு போனவள் மிக அருகில் வந்த பிறகுதான் மாடுகளைப் பார்த்தாள். பிரேக்கைப் பிடித்தாள், சைக்கிள் நின்றது, கால் தரைக்கு எட்டவில்லை. சாய்ந்து விழுந்தபோது இடது மணிக்கட்டு உடைந்தது.

மூங்கில் பத்தை வைத்துக் கட்டுப் போட்டார்கள். "பொம்பள ஒடம்புக்கு சைக்கிள் ஒத்து வராதுங்க" என்று வந்தவரிடமெல்லாம் சித்தப்பா சொன்னார். அப்பாவும் தலையாட்டினார். வேலைக்கு வர இயலாது என்ற கடிதத்தை அக்காவே எழுதினாள். உடையாத கை வலது கையாக இருந்தது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. ஆவணியில் கல்யாணம் நடந்தது.

அதன்பின் அந்த வண்டியில் சித்தப்பாவே சந்தைக்குப் போய்வந்தார். ஹேண்டில்பாரை மட்டும் உயர்த்திக்கொண்டார். சீட்டைத் தொட வேண்டியிருக்கவில்லை.

நான் பிறகு சுகாதாரப் பணிக்குப் பயிற்சி பெற்றேன். குழந்தையின் எடையைக் குழந்தையைத் தராசில் வைத்துத்தான் அறிய வேண்டும், அதன் அண்ணனை வைத்து அல்ல என்பதை எனக்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இப்போது ஊர் ஊராகச் சைக்கிளில் போகிறேன். ஸ்பேனர் என் பையிலேயே இருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் சித்தப்பா காலமாகிவிட்டார். தொரசானி வண்டி யுத்த காலத்தில் பழைய இரும்பாகப் போயிற்று. கடை இருந்த இடத்தில் ஜவுளி விற்கிறார்கள். கோபத்தைக் கொண்டுபோய் இறக்க ஒரு வாசல்கூட மிச்சமில்லை.

சென்ற மாதம் ஏரியூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று பிள்ளைகளின் தாய் அவள். களத்துமேட்டில் என் வண்டியை அவளுக்குப் பொருத்தினேன். குதிகாலை மிதியில் வைத்தால் முழங்கால் நிமிரும் அளவுக்குச் சீட்டு. நிமிர்ந்து உட்கார்ந்தால் முழங்கை லேசாக மடங்கியிருக்கும்படி, சீட்டைவிட ஒரு விரல் உயரமாக ஹேண்டில்பார். கால் மணி நேர வேலை. முதல் சுற்றில் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது சுற்றில் கையை எடுத்துவிட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. களத்தைச் சுற்றிச் சுற்றி, தலை நிமிர்ந்து, ஓட்டிக்கொண்டே இருந்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இறங்கியவள் வண்டியை விடாமல் நின்றாள்.

"இவ்ளோதானா பாப்பா?" என்றாள்.

ஆமாம் என்றேன். அவள் அழவில்லை, நான் எதிர்பார்த்த ஒன்றையும் சொல்லவில்லை. அவளுக்கு வேலை கிடைத்திருந்த அந்தத் தருமபுரிப் பள்ளியில் அந்த வருஷம் முதல் வகுப்பில் எத்தனை பெண்கள் இருந்தார்கள் என்று கேட்டாள்.