என்னோடு குடியிருக்கும் பிள்ளை

ஊரார் எழுதிவைத்த சொற்களுக்குப் பொருள் சொல்லியே பிழைக்கும் ஒருவர், தன் வீட்டுச் சொல்லுக்கு யாரிடம் போய்ப் பொருள் கேட்பார்?

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் மேல்முறையீட்டு நீதிபதி ஓட்டுநரிடம் அன்றைய சொல்லைக் கேட்டுவிடுவார். கொட்டகை என்றால் எத்தனை பக்கம் சுவர் இருக்கலாம்? ஓடாத வண்டியும் வண்டிதானா? ஓட்டுநர் கியர் மாற்றிக்கொண்டே பதில் சொல்வார். சாதாரண மனிதன் ஒரு சொல்லை எப்படிப் புரிந்துகொள்கிறான் என்பதே சட்டத்தின் கேள்வி. கைக்கெட்டிய சாதாரண மனிதர் இவர் ஒருவர்தான் என்பது நீதிபதியின் எண்ணம். இதைப் பணிவு என்று சொல்லிவிட முடியாது. விடாப்பிடி எனலாம்.

வழக்கறிஞர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘அகராதி’. அதை எந்த அர்த்தத்தில் சொல்கிறார்கள் என்று மட்டும் அவர் விசாரித்ததில்லை.

மனைவி வேறோர் ஊரில் கல்லூரி ஆசிரியை. சனிக்கிழமை மாலை வந்து திங்கள் விடிவதற்குள் போய்விடுவார். “சீக்கிரம் வரேன்னு சொன்னீங்களே” என்று ஒருமுறை அவர் கடிந்துகொண்டபோது, சீக்கிரம் என்பதற்கு நியாயமான கால அவகாசம் என்றே பொருள் கொள்ள வேண்டும் என்று விளக்கினார் இவர். அன்று தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொண்டார்.

சென்ற மாதம் ஓர் உயில் வந்தது. ‘என்னோடு குடியிருக்கும் பிள்ளைக்கு வீடு’ என்று எழுதிவிட்டு ஒருவர் இறந்துபோயிருந்தார். மகன் அதே வீட்டு மாடியில் இருந்தார். தனிப் படி, தனி அடுப்பு, அப்பாவோடு பேச்சு நின்று வெகுகாலம். மகள் வெளியூர் மருத்துவமனையில் செவிலியர். விடுதியில் தங்கி, விடுப்பு கிடைத்த நாளெல்லாம் வந்து அப்பாவைக் குளிப்பாட்டியவர். கீழ் நீதிமன்றம் வீட்டை மகனுக்குக் கொடுத்தது. மேல்முறையீட்டிலும் தோற்றால், மகள் தன் கட்டிலைக்கூட அண்ணனைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

மாடிக்காரர் அப்பாவோடு பேசியதுண்டா என்று மகனின் வழக்கறிஞரிடம் நீதிபதி கேட்டார்.

“பேசணும்னு உயில்ல எழுதலையே ஐயா” என்றார் வழக்கறிஞர்.

நீதிபதி தலையசைத்தார். எழுதியவரின் மனத்துக்குள் ஏற நீதிமன்றத்திடம் ஏணி கிடையாது என்று பல தீர்ப்புகளில் எழுதியவர் அவர்தான்.

குடியிருப்பது என்றால் என்ன என்று மறுநாள் ஓட்டுநரிடம் கேட்டார். “நான் உங்க வண்டியிலதான் குடியிருக்கேனாம் ஐயா. எங்க வீட்டுல சொல்றாங்க” என்றார் ஓட்டுநர். இந்தச் சாட்சியம் உதவாது என்று நீதிபதி விட்டுவிட்டார்.

அன்று மாலை மனைவியைத் தொலைபேசியில் அழைத்தார். “நீயும் நானும் ஒண்ணா குடியிருக்கோமா?”

“கேஸுக்காகக் கேக்கறீங்களா, நமக்காகவா?”

“கேஸுக்குத்தான்.”

“அப்ப நான் எதுக்கு? உங்க பழைய தீர்ப்பையே எடுத்துப் படிங்க.” போனை வைத்துவிட்டார்.

மூவர் அமர்வில் மற்ற இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். மகனுக்குச் சாதகமான தீர்ப்பு வரைவு இவருடைய பழைய வாக்கியங்களையே அடுக்கிக் கட்டியிருந்தது; குறை சொல்ல இடமில்லை. மகளுக்குச் சாதகமானது தர்க்கத்தில் இளைத்திருந்தது. வேறொரு நாளாக இருந்தால் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை ஓடியிருக்கும். ஒத்துப்போகிற வழக்கிலும் தன் காரணங்களைத் தனியே எழுதாமல் விட்டவரில்லை அவர்.

மகளுக்கான வரைவின் அடியில் கையெழுத்திட்டார்.

“காரணம் தனியா எழுதறீங்களா ஐயா?” என்று எழுத்தர் காகிதத்தோடு நின்றார்.

நீதிபதி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.