ராணியின் முதுகு மெத்தை

இன்றைக்கு நினைத்தாலும் என்மேலேயே எரிச்சல் வருகிறது. திண்டிவனத்தில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்கு விடுகிறேன். என் குதிரை ராணியின் முதுகு புண்ணாகக் கூடாதென்று சேணத்துக்கு அடியில் போட மெத்தை வாங்கியிருந்தேன்.

கோலியனூர் கல்யாணத்தில் போட்டோக்காரர், "அந்தக் கறுப்பு மெத்தை அசிங்கமா தெரியுது, எடுத்துடுங்க" என்றார். எடுத்துவிட்டேன்.

மண்டப வாசலில் மாப்பிள்ளை இறங்கியதும் சேணத்தைக் கழற்றினேன். ராணியின் முதுகுத் தோல் உரிந்திருந்தது.

"இன்னாண்ணா, ரத்தம் வருது?" என்றார் மாப்பிள்ளை.

"ஈ கடிச்சிருக்குங்க" என்று கூசாமல் சொன்னேன். மெத்தை என் பைக்கில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

போட்டோக்காரரை வீடு திரும்பும் வழியெல்லாம் திட்டினேன். அவருக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியுமே.

புண் ஆறிவிட்டது. என் மனைவி மெத்தையைப் போட்டால் ராணி அசையாமல் நிற்கிறாள். நான் எடுத்துக்கொண்டு போனால் விலகிப் போகிறாள்.