காலில் மாட்டிய நாற்காலி

நாற்காலி விற்கிறவன் வாடிக்கையாளர் உட்காரும் இடத்தை நினைத்துத்தான் கவலைப்பட வேண்டும். ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் காஜா பெராங்கில் பழைய நாற்காலிக் கடை நடத்திய நான், அவர்கள் பாதத்தை நினைத்துக் கவலைப்பட்டேன். கடை வைத்து அவதிப்பட்டவர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

முதுகு கேட்டவர்

அப்போது காலுக்குப் போடச் சப்பாத்து கிடைக்காது. வெள்ளைக்காரர்கள் போட்டுவிட்டு ஓடிய சோபாவை ஊர் ஜனங்கள் என்னிடம் வாங்கி, தோலை உரித்து, அடியில் டயர் வைத்துத் தைத்துக்கொண்டார்கள். கிளேபாங்கிலிருந்து வந்த மாட்டுவண்டிக்காரர் ஒருவர், உட்காரும் பக்கம் தேய்ந்திருக்கும், சாயும் பக்கத்துத் தோலை மட்டும் கொடு என்று நின்றார்.

மாட்டின் மேல்தோல்தான் உறுதி. அதைச் சீவியபின் மிஞ்சும் உள்தோலுக்குச் சாயம் பூசினால் பார்க்க அழகு, மழையில் நனைந்தால் பிய்ந்துவிடும். சோபா செய்கிறவர்கள் உட்காரும் இடத்துக்கு மேல்தோலும் முதுகுக்கு உள்தோலும் வைப்பார்கள் என்று விளக்கினேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப நாம நம்பிச் சாயுற எடத்துலதான் ஏமாத்துறானுங்க, இல்லையா பாய்?"

தழும்பு

புக்கிட் ரம்பாய் தோட்டத்து லெட்சுமியின் கணவர் முனியாண்டியை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பேர் எழுதிவிட்டார்கள். அங்கே காலில் புண் வந்தால் ஆள் திரும்புவதில்லை என்று ஊரே பேசியது. அவருக்குச் சப்பாத்து தைக்க லெட்சுமி தோல் தேடி வந்தாள்.

கடையில் இரண்டே தோல் நாற்காலிகள். ஒன்று கண்ணாடி மாதிரி பளபளத்தது. மற்றதில் புள்ளி புள்ளியாகத் தழும்பு, நடுவே நீளக் கீறல். அவள் கை பளபளப்புக்குத்தான் போனது. நான் இரண்டிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். பளபளப்பில் அது உருண்டு ஓடியது. தழும்புத் தோல் மெல்ல உறிஞ்சிக்கொண்டது. உண்ணி கடித்ததும் முள் கிழித்ததும் மேல்தோலில்தான் தங்கும் தங்கச்சி, சாயம் அதையெல்லாம் மூடிவிடும் என்றேன். அவள் கீறலைத் தடவிப் பார்த்தாள். "இவ்வளவு பட்டும் கிழியலல்ல, இதையே குடுங்க பாய்."

துரையின் கை

தோலை உரிக்கச் சப்பாத்துத் தைக்கிறவர் மறுநாள்தான் வருவதாக இருந்தது. அதற்குள் ஜப்பான் அதிகாரி ஒருவர் மொழிபெயர்க்க ஒரு தமிழரோடு வந்து, லெட்சுமியின் நாற்காலி மேலேயே கையை வைத்தார். விற்றாயிற்று என்று சொன்னால் கன்னம் பழுக்கும்.

இது என்ன புள்ளி என்று கேட்டார். உண்ணி கடித்த தழும்பு என்று உள்ளதைச் சொன்னேன். வியாபாரத்தில் உண்மை சொல்லி நான் பிழைத்தது அன்றைக்குத்தான். அதிகாரி கையை எடுத்துக் கைக்குட்டையில் துடைத்தார். கூட வந்தவர் சொன்னார்: "கடிபட்ட மாடு தொரைக்கு வேணாமாம், மழமழன்னு இருக்கிறத வண்டியில ஏத்து."

திரும்பி வந்தவர்

முனியாண்டியின் சப்பாத்துக்குத் தோல் உரித்த அந்த நாற்காலிக்குக் கோணிச் சாக்கு தைத்துப் போட்டு வைத்திருந்தேன். யாரும் வாங்கவில்லை. சண்டை முடிந்து பல மாதம் கழித்து லெட்சுமி வந்தாள். பின்னால் எலும்பும் தோலுமாக ஓர் ஆள். முகம் அடையாளம் தெரியவில்லை. காலைப் பார்த்தேன். டயர் இரண்டு தடவை மாற்றித் தைத்திருந்தது. மேலே அதே நீளக் கீறல்.

உங்கள் சப்பாத்துத் தோல் இதில் உரித்ததுதான், உட்காருங்கள் என்று சாக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். முனியாண்டி அதன் கைப்பிடியைத் தடவிவிட்டு மெல்ல உட்கார்ந்தார். "இத கால்ல மாட்டிக்கிட்டு சயாம் பூரா நடந்துட்டேன் பாய், இன்னிக்குத்தான் இதுல உக்காருறேன்."

நல்ல தோலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இன்றும் கேட்கிறார்கள்; உட்கார்ந்து பார்த்தால் தெரியாது, நடந்து பார்க்க வேண்டும் என்கிறேன், வாங்காமலே போய்விடுகிறார்கள்.