அரிசி டப்பாவில் ஒரு சீட்டு

என் வீட்டுக் கதை தெரியாவிட்டால் உங்களுக்குச் சோறு இறங்காதா? சரி, கேட்டுத் தொலையுங்கள்.

என் மகன் மூன்று வருஷமாகக் கனடாவில், பிரெஞ்சு பேசும் பகுதியில் இருந்தான். மருமகள் கோமதி அவனிடம் போய்ச் சேர, பிரெஞ்சில் பேசிக் காட்டும் பரீட்சையில் தேற வேண்டும். மகர்பட்டாவில் வேலை முடிந்து, இரண்டு பஸ் மாறிக் கட்கியில் எங்கள் வீட்டுக்கு வந்து விழுவாள். பிறகு தலைப்பு எழுதிய சீட்டுகளைக் குலுக்கிப் போடுவாள். நான் ஒன்றை எடுத்து நீட்டுவேன், அவள் பேசுவாள்.

"சிரிக்காதீங்க அத்தை!"

"உன் வாய் போற கோணலைப் பாத்தா சிரிப்பு வருதுடி."

ஒரு சீட்டு வந்தால் மட்டும் அழுதுவிடுவாள். உன் குடும்பத்தைப் பற்றிச் சொல் என்று அதில் இருந்ததாம். பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், அதை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவிட்டேன்.

பரீட்சையில் அதையேதான் கேட்டார்கள். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"ஒரு வார்த்தை வரல அத்தை."

"நான்தான்டி அந்தச் சீட்டை ஒளிச்சேன்."

"தெரியும். அன்னைக்கே டப்பால பாத்தேன். நானும் எடுக்கல."

அழ விட்டிருந்தால் பேச்சும் வந்திருக்குமோ என்று இன்றும் நினைப்பேன்.

அக்கம்பக்கத்தாரிடம், கேள்வி கேட்க வந்தவருக்கு வயிற்றுப்போக்கு, பரீட்சை தள்ளிப்போய்விட்டது என்று சொல்லிவிட்டேன்.