சிவப்பாய் வந்த ஒரே ஊர்

காவல்துறைத் தலைமை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து, மாநிலம் முழுக்க நடக்கும் திருட்டுகளை, ஒன்றுக்கு ஒரு சிவப்புப் புள்ளியாக, வரைபடத்தில் ஏற்றுவதுதான் அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி. எல்லோருக்கும் அவர் 'மேப் அக்கா'.

அந்த வருடம் ஒரு சின்ன ஊர் மட்டும் ரத்தச் சிவப்பாய் வந்தது. சுற்றியிருந்த ஊர்களெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"திருட்டுப் பசங்க ஊரு போல. அங்க படையை அனுப்பிடலாம்," என்றார் பெரிய அதிகாரி.

அக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. ஊர் எல்லையைப் பார்த்தா திருடன் நிற்பான்? அந்த ஸ்டேஷனுக்கே போன் போட்டார். எடுத்தவர் ஒரு பெண் ஏட்டு.

"யார் வந்து சொன்னாலும் எழுதிடுவேங்க. பக்கத்து ஊர்க்காரங்களும் இங்கதான் வர்றாங்க. அவங்க ஊரு ஸ்டேஷனுக்குப் போனா விரட்டி விடுறாங்களாம்."

அக்கா ஒவ்வொரு புகாரையும் எடுத்து, திருட்டு நடந்த தெருவைத் தேடிப் பிடித்து, நாலே நாளில் புதுப் படம் போட்டார். சிவப்பில் முக்கால்வாசி வெள்ளை ஊர்களுக்குள் போய் விழுந்தது. அதை அதிகாரியிடம் நீட்டினார்.

"அப்போ பழைய படம் தப்பாம்மா?"

"ஆமாங்கய்யா. புகார் எழுதின ஸ்டேஷன்லயே இத்தனை வருஷமும் புள்ளி வச்சிட்டேன். தப்பு என்னுது."

அந்த வாரமே விசாரணைக் குழு கிளம்பியது, வெள்ளை ஊர்களின் ஸ்டேஷன்களுக்கு. அக்கா இருபத்திரண்டு வருடத்துப் பழைய கோப்புகளையும் அலமாரியிலிருந்து இறக்கினார்.

"ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தானேம்மா இருக்கு, விட்டுத் தள்ளேன்," என்றாள் அன்றிரவு வீட்டில் மகள்.

"அதுக்குள்ள திருத்தி முடிச்சிடுவேன்டி."